செவிக்கு ஒரு பரீட்சை

சென்ற கோடை விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பேரன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். இசையில் நாட்டம் மிக்கவன். பெட்டியைத் திறந்ததும் அவன் முதலில் வெளியே எடுத்தது பாடப் புத்தகம் அன்று. மெல்லிய துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த ஒரு ஹெட்போன். உதவித்தொகையிலிருந்து ஓராண்டுக் காலம் மிச்சம் பிடித்து, மற்றொருவர் சில ஆண்டுகள் பயன்படுத்தியதை வாங்கினானாம். காதுகளை முழுவதும் மூடிக்கொள்ளும் வகை, ஜெர்மானியத் தயாரிப்பு. புதிதாக வாங்குவதென்றால் எங்கள் குடும்பத்தில் எவரும் துணியாத விலை.

இரண்டு நாள் கழிந்தது. மூன்றாம் நாள் மாலை அவன் என் நாற்காலியின் அருகே வந்து உட்கார்ந்தான். “தாத்தா, இதில் இப்பொழுது ஒரு குறை தெரிகிறது. மிருதங்கத்தின் தொப்பி நாதம் வற்றிப்போய்விட்டது. வயலினின் மேல்ஸ்தாயி மட்டும் ஊசிபோலக் குத்துகிறது. கேபிளை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். சுத்தமான செம்பில் முறுக்கிய தடித்த கேபிள் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது” என்றான். அதன் விலையைக் கேட்டேன். ஹெட்போனுக்கு அவன் கொடுத்த தொகையில் ஏறக்குறையப் பாதி! அந்தப் பணத்தை நான் தரவேண்டும் என்பதே விண்ணப்பம்.

“பணம் தருவதில் எனக்குத் தடையில்லை, ஆனால் நோய் இன்னது என்று தெரிந்துகொண்டு மருந்து வாங்குவோம்” என்றேன். அன்று தொடங்கிய ஆராய்ச்சி எங்கள் இருவருக்கும் ஒரு வாரப் பாடமாக அமைந்தது. அதையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஹெட்போனின் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் 1910-ஆம் ஆண்டில் தாம் செய்த ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். கம்பியில்லாத் தந்திச் செய்தி கேட்பவர்களுக்கு அது பயன்பட்டது. 1937-இல் பெர்லினில் பேயர் நிறுவனத்தார், இன்றைய ஹெட்போன்களுக்கு முன்னோடியாகிய டி.டி. 48 என்பதை உருவாக்கினர். 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஜான் காஸ் என்பவர், வீட்டிலிருந்தபடியே ஸ்டீரியோ இசையைக் கேட்டு மகிழ்வதற்கென்று ஹெட்போன் செய்து காட்டினார். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் பின்புறம் திறந்த ஹெட்போனை வெளியிட்டது. மஞ்சள் நிற நுரைமெத்தை அணிந்த அந்தக் கருவி உலகெங்கும் பரவியது. இவ்வாறு தந்திக்காரர் தலையில் தொடங்கிய கருவி சங்கீத ரசிகர் தலைக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் கருவியில் ஒலியை உருவாக்குவதில் பங்கு கொள்ளும் உறுப்புகள் மூன்று. மின்னோட்டத்தை ஒலியாக மாற்றும் உறுப்பு ஒன்று. அதனை டிரைவர் என்பார்கள். மின்னோட்டத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் கேபிள் மற்றொன்று. காதைச் சூழ்ந்து அமரும் மெத்தை மூன்றாவது. இம்மூன்றும் ஒலியை மாற்றும் என்று சொல்பவர் பலர். மூன்றும் ஒரே அளவில் மாற்றுமா என்பதுதான் கேள்வி.

முதலில் டிரைவரைப் பார்ப்போம். பெரும்பாலான ஹெட்போன்களில் இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. அதன் பின்னே மயிரிழை போன்ற கம்பியால் சுற்றிய சுருள் ஒட்டியிருக்கும். அச்சுருள் ஒரு காந்தத்தின் இடைவெளியில் நிற்கும். பாட்டின் மின்னோட்டம் சுருளில் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. சவ்வும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த மின்காந்தப் பாடத்துக்கு மேல் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

வேறு வகைகளும் உண்டு. டோக்கியோவின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960-இல் நிலைமின் ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் காந்தமும் இல்லை, சுருளும் இல்லை. நம் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய சவ்வு ஒன்று, துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளின் நடுவே நிற்கும். சில நூறு வோல்ட் மின்னழுத்தம் அதனை இயங்கத் தயாராக வைத்திருக்கும். 1976-இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் வெளியிட்ட மற்றொரு வகையில், மெல்லிய சவ்வின் மேலேயே மின்கடத்தும் சுருளைப் பதித்து, இருபுறமும் காந்தங்களை வைத்தார்கள்.

சவ்வின் எடை, விறைப்பு, அது மடிந்து அதிரும் முறை ஆகியவை ஒலியின் குணத்தை மாற்றும் என்பதை நமக்கு விளக்க மிருதங்கமே போதும். வலந்தலையின் நடுவில் பூசிய கரணை, தோலின் எடையை ஓரிடத்தில் கூட்டி, அதன் மேல் ஒலிகளை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இதனை ஸர் சி. வி. இராமன் அவர்கள் 1920-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார்கள். ஹெட்போனின் சவ்வும் ஒரு சிறு முரசு என்று கொள்ளலாம். ஆனால் முரசு தனக்கென ஒரு சுருதி கொண்டிருக்கவேண்டும், ஹெட்போனின் சவ்வோ எந்தச் சுருதிக்கும் தனிச் சலுகை காட்டாமல் எல்லாவற்றையும் ஒப்ப ஒலிக்கவேண்டும். அதுவே அதைச் செய்பவரின் கஷ்டம். ஆகவே டிரைவர் ஒலியை மாற்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் என் பேரனின் டிரைவர் பழுதாகியிருந்தால் இரைச்சலோ கரகரப்போ எழுந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் தொப்பி நாதம் குறைந்திருக்க நியாயமில்லை.

அடுத்து, கேபிள். பேரனைக் காகிதமும் பென்சிலும் எடுத்துவரச் சொன்னேன். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.0168 ஓம். ஹெட்போன் கேபிளில் உள்ள கம்பி இன்னும் மெல்லியது. குறுக்குப் பரப்பு 0.1 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேபிளின் நீளம் 2 மீட்டர். மின்னோட்டம் போகவும் வரவும் 4 மீட்டர். கணக்கிட்டால் மொத்தத் தடை ஏறக்குறைய 0.67 ஓம். அவனுடைய ஹெட்போனின் தடையோ 250 ஓம். இந்த 0.67 ஓம் தின்றுவிடுவது ஒரு டெசிபலில் நாற்பதில் ஒரு பங்குதான். இருமடங்கு தடித்த கேபிளைப் போட்டால் அந்தத் தீனியில் பாதி மிச்சமாகும். அதாவது, ஒரு டெசிபலில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. செம்புக்குப் பதிலாக வெள்ளிக் கம்பி போட்டாலும் தடை குறைவது நூற்றுக்கு ஐந்தாறு பங்கே.

ஒலியின் உரப்பில் எவ்வளவு மாற்றம் இருந்தால் மனிதச் செவிக்குத் தெரியும்? சாதாரணமாக ஒரு டெசிபல் அளவு. அமைதியான இடத்தில் பழகிய செவிக்கு அதிற் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவோ தெரியலாம். நூறில் ஒரு பங்கு எவர் செவிக்கும் எட்டாது. மேலும், கேபிள் தின்னும் சிறு பங்கு கீழ் ஒலிக்கும் மேல் ஒலிக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்; தொப்பியை மட்டும் தேடிப் பிடித்து விழுங்க அதற்குத் தெரியாது.

எனினும், கேபிளால் ஒருபோதும் மாற்றம் இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. காதுக்குள் செருகும் சில கருவிகளில் சிறு டிரைவர்கள் பல இருக்கும். அவற்றின் தடை ஓர் அதிர்வெண்ணில் 8 ஓம் ஆகவும் மற்றொன்றில் 40 ஓம் ஆகவும் இருக்கலாம். அங்கே ஒரு ஓம் தடையுள்ள கேபிளைப் பூட்டினால், இரண்டிடத்துக்கும் இடையே முக்கால் டெசிபலுக்கு மேல் வேறுபாடு வரும்; அது காதுக்குத் தெரியக்கூடியதே. ஒலிபெருக்கும் கருவியின் வெளியீட்டுத் தடை 100 ஓம் போல அதிகமாக இருந்தால், 250 ஓம் ஹெட்போனிலும் ஒரு டெசிபல் வரை மாற்றம் நேரலாம். இழை அறுந்த கேபிள், தளர்ந்த பிளக், சட்டைப் பொத்தானில் உராய்ந்து காதுக்குள் சரசரக்கும் உறை ஆகியவையும் உண்மையான குறைகளே. கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே மாற்றம் உண்டு, எங்கே இல்லை என்பது விளங்கும்.

பேரன் கணக்கைப் பார்த்தான்; மறுக்கவில்லை. ஆனால் முகம் தெளியவில்லை. “கணக்கு சரி, தாத்தா. ஆனால் காதில் கேட்கிறதே!” என்றான். தன் நண்பனிடமிருந்து அதே வகைக் கேபிளை இரவல் வாங்கி வந்திருப்பதாகவும் அப்பொழுதுதான் சொன்னான். பழைய கேபிளில் ஒரு பாட்டைக் கேட்கச் செய்தான். பிறகு புதிய கேபிளை என் கண்முன்னே மாட்டினான். தடித்த கயிறுபோல் பின்னிய, பொன்னிறப் பிளக் வைத்த அழகான கேபிள். மீண்டும் அதே பாட்டைக் கேட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன்: வேறுபாடு எனக்குத் தெரிந்தது! மிருதங்கம் சற்று நிறைந்து ஒலித்தது. பாடகரின் குரலில் ஒரு குழைவு வந்தது. என் கையில் இருந்த காகிதம் ‘இல்லை’ என்றது. என் காது ‘உண்டு’ என்றது. எதை நம்புவது?

அப்பொழுது எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. அரையாண்டுத் தேர்வின் விஞ்ஞான விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்தேன். மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் தயங்கித் தயங்கி என் மேஜையருகே வந்தான். விடுதியில் தங்கிப் படித்தவன். கையெழுத்து கோணலாக இருக்கும். வகுப்பில் வாய் திறந்து பேசமாட்டான். அவன் கையில் இரண்டு விடைத்தாள்கள் இருந்தன. ஒன்று அவனுடையது. மற்றொன்று வகுப்பில் எப்பொழுதும் முதலாவதாக வரும் மாணவனிடம் கேட்டு வாங்கி வந்தது. எதிரொலியைப் பற்றிய பத்து மதிப்பெண் வினா. முதல் மாணவனுக்கு நான் 8 போட்டிருந்தேன்; இவனுக்கு 5.

“சார், மதிப்பெண் கேட்க வரவில்லை. என் விடையில் எது தவறு என்று மட்டும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்” என்றான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கருத்துக்கு மேல் கருத்து, வரிசைக்கு மேல் வரிசை, இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அந்தப் பையனுடைய படத்தில் அம்புக்குறிகள் கூடச் சரியாக இருந்தன. எது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தவறு விடையில் இல்லை; திருத்தியவனிடம் இருந்தது. முதற்பக்கத்தில் உள்ள பெயரைப் பார்த்ததுமே ஒருவனுக்கு எட்டும் மற்றவனுக்கு ஐந்தும் என் மனத்தில் விழுந்துவிட்டன. பின்பு படித்ததெல்லாம் அந்த எண்களுக்குச் சாட்சி தேடியதுதான். நான் வஞ்சகமாகச் செய்யவில்லை. நேர்மையாகத் திருத்துவதாகவே நம்பினேன். அதுதான் என்னை வருத்தியது. அந்த மதிப்பெண்ணை அன்றே மாற்றினேன். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். அன்றுமுதல் ஓய்வுபெறும் வரையில், முதற்பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டே எந்த விடைத்தாளையும் திருத்தினேன். பொதுத் தேர்வுகளில் விடைத்தாளில் பெயரை மறைப்பதும் இதற்காகவே அல்லவா?

செவியும் ஒரு பரீட்சகர்தான், நண்பர்களே. பொன்னிறப் பிளக்கையும் விலைச் சீட்டையும் கண்ணால் பார்த்துவிட்டால், முதற்பக்கத்துப் பெயரைப் படித்த பரீட்சகரைப் போலவே அது மதிப்பெண் போடுகிறது. காது பொய் சொல்வதில்லை. காதுக்கு முன்பே மனம் பேசிவிடுகிறது.

ஆகவே முதற்பக்கத்தை மடிக்க ஏற்பாடு செய்தோம். பேரனின் கண்களைத் துண்டினால் கட்டி நடுக்கூடத்தில் உட்காரவைத்தேன். ஒலியின் அளவைத் திருகும் குமிழை யாரும் தொடுவதில்லை என்பது விதி; ஏனெனில் இரண்டில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே சிறந்தது என்று தோன்றுவது மனித இயல்பு. கேபிளின் கனம் கழுத்தில் தெரியாதபடி அதனை நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டோம். ஒவ்வொரு முறையும் ஹெட்போனை அடுத்த அறைக்கு எடுத்துச் சென்று ஒரு நாணயத்தைச் சுண்டுவேன். தலை விழுந்தால் பழைய கேபிள். பூ விழுந்தால் புதியது. மாட்டிக்கொண்டு வந்து, அதே பாட்டின் அதே அரை நிமிடத்தை ஒலிக்கச் செய்வேன். இன்ன கேபிள் என்று அவன் சொல்லவேண்டும். பன்னிரண்டு முறை இவ்வாறு செய்தோம்.

அவன் சரியாகச் சொன்னது ஏழு முறை. முதலில் மகிழ்ந்தான், பாதிக்கு மேல் சரி அல்லவா? “காதே கேளாத ஒருவன் வாய்க்கு வந்தபடி சொல்லியிருந்தால் எத்தனை சரியாக வரும்?” என்று கேட்டேன். பொறியியல் மாணவன் ஆதலால் அவனே கணக்கிட்டான். இரண்டில் ஒன்று என்னும் நிலையில் பன்னிரண்டு முறை ஊகித்தால் 4,096 விதமான முடிவுகள் வரலாம். அவற்றில் ஏழும் அதற்கு மேலும் சரியாக அமைவது 1,586. அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 39. பத்தும் அதற்கு மேலும் அமைவது 79 மட்டும். நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அவன் பத்து முறை சரியாகச் சொல்லியிருந்தால் நான் என் கணக்கைத் திருத்திக்கொண்டிருப்பேன். ஏழு என்பது நாணயமே சொல்லக்கூடிய விடை.

“இப்பொழுது உங்கள் முறை, தாத்தா” என்றான். நியாயமான கோரிக்கை. நானும் உட்கார்ந்தேன். பழகிய கோபுரக் குழைவை எதிர்பார்த்தது என் மனம். கிடைத்தது பன்னிரண்டில் ஐந்து! ஆனால் அந்தத் தோல்வியில்தான் எங்களுக்கு விடை கிடைத்தது.

நான் கண்ணாடி அணிபவன். முதல் நாள் கேட்டபோது அதைக் கழற்றி வைத்திருந்தேன். இன்று மறந்துபோய்க் கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டேன். கண்ணைக் கட்டிய துண்டு அதன்மேல். பாட்டுத் தொடங்கியதும் மிருதங்கத்தின் தொப்பி அறவே கேட்கவில்லை. ஏதோ உறுத்துகிறதே என்று இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன். உடனே தொப்பி கிணற்றடியிலிருந்து எழுந்து வருவதுபோல் முழங்கியது! கையை எடுத்தேன்; மறைந்தது. அழுத்தினேன், வந்தது. துண்டை அவிழ்த்துவிட்டுக் காதுமெத்தைகளைப் பார்த்தோம். அவற்றின் செயற்கைத் தோல் சுருங்கி வெடித்திருந்தது. உள்ளே இருந்த நுரை அமுங்கித் தட்டையாகிவிட்டது. முதலாமவர் பல ஆண்டுகள் வியர்வையோடு அணிந்த மெத்தைகள் அவை.

இதன் காரணத்தைச் சற்று விளக்குகிறேன். காதை மூடிய ஹெட்போனில், சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவே ஒரு சிறு காற்றறை அமைகிறது. 50 அதிர்வெண் உள்ள கீழ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அந்தச் சிறு அறைக்குள் அது அலையாக ஓடுவதற்கே இடமில்லை. சவ்வு முன்னே வந்தால் அறையின் காற்று முழுவதும் ஒன்றாக அழுந்துகிறது. பின்னே சென்றால் தளர்கிறது. சைக்கிள் பம்ப் வேலை செய்வது போன்றதுதான் இது. பம்பின் வாஷர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் காற்று பக்கவழியே ஓடிவிடும் அல்லவா? மெத்தையில் வெடிப்பு இருந்தாலும், கண்ணாடியின் காம்பு இடையே புகுந்து சந்து உண்டாக்கினாலும் அதுவே நேர்கிறது. கீழ் ஒலியின் அசைவு மெதுவானது. காற்று தப்பி ஓடுவதற்குப் போதிய நேரம் இருக்கிறது. மேல் ஒலியின் அசைவு விரைவானது. காற்று தப்புவதற்குள் அடுத்த அசைவு வந்துவிடுகிறது. ஆதலால் கீழ் ஒலி மட்டும் குறைகிறது. மேல் ஒலி தனித்து நின்று குத்துகிறது. பேரன் சொன்ன நோய்க்குறி அப்படியே பொருந்துகிறது அல்லவா?

மெத்தையின் வேலை அத்துடன் முடியவில்லை. 10,000 அதிர்வெண் உள்ள மேல் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அது மெத்தையின் சுவரில் மோதித் திரும்புகிறது. காதின் மடல்களில் மோதித் திரும்புகிறது. மெத்தை சில மில்லிமீட்டர் அமுங்கினாலும் டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. எந்த ஒலி ஓங்கும், எது தாழும் என்பதும் மாறுகிறது. தோல் ஒலியைத் திருப்பி அனுப்பும். வெல்வெட் போன்ற துணி ஓரளவு ஒலியை உறிஞ்சும், காற்றையும் கசியவிடும். ஆகையால் தோல் மெத்தையை எடுத்துவிட்டுத் துணி மெத்தையைப் போட்டால், பல டெசிபல் அளவுக்குக்கூட வேறுபாடு காணலாம். நூறில் ஒரு பங்கு டெசிபலுக்குப் பாதி விலை கேட்கும் கேபிள் எங்கே, இந்த எளிய மெத்தை எங்கே!

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஹெட்போனைச் செய்தவர் அதற்குரிய மெத்தையோடு சேர்த்தே அதன் ஒலியைச் சரிசெய்திருப்பார். தடித்த மெத்தை, விலையுயர்ந்த தோல் மெத்தை என்று எதையேனும் மாற்றினால் ஒலி மாறும் என்பது உறுதி. மேம்படும் என்பது உறுதியன்று. மேலும், மெத்தைகளை ஒப்பிடும்போது கண்ணைக் கட்டினாலும் கன்னத்தில் படும் ஸ்பரிசம் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் அங்கே சிறு ஒலிவாங்கி கொண்டு அளந்து பார்ப்பதே தக்க வழி.

நாங்கள் செய்த காரியம் எளியது. அதே ஹெட்போனுக்கென்று செய்த புதிய மெத்தைகளை வரவழைத்தோம். அவற்றின் விலை அந்தக் கேபிளின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய கேபிளுடனேயே, புதிய மெத்தைகளை மாட்டிப் பேரன் கேட்டான். பேசவில்லை; பாட்டு முடியும் வரையில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போட்டான். எனக்கு அது போதுமான சான்றாக இருந்தது.

நாங்கள் வீட்டுக் கூடத்தில் செய்ததை விஞ்ஞானிகள் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2013-ஆம் ஆண்டையொட்டி நடத்திய சோதனைகளில், எந்த ஹெட்போனைக் கேட்கிறோம் என்பது கேட்பவருக்குத் தெரியாதபடி மறைத்தார்கள். பெயர் மறைந்ததும் ஓர் ஒற்றுமை வெளிப்பட்டது: நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து கேட்பது போன்ற ஒலியையே பெரும்பாலோர் விரும்பினார்கள். 2017-இல் யெரூன் பிரீபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவுகளை ஆராய்ந்து, கீழ் ஒலிமுதல் மேல் ஒலிவரை அவை ஒலிக்கும் முறைக்கும் அவற்றின் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று வெளியிட்டார். விலையுயர்ந்த ஹெட்போனில் உழைப்பும் உறுதியும் வசதியும் கூடுதலாக இருக்கலாம். ஆனால் விலைச் சீட்டைக் கொண்டு ஒலியை அறிய முடியாது என்பதே அதன் பொருள்.

இறுதியாக, டிரைவருக்கும் கேபிளுக்கும் மெத்தைக்கும் அப்பால் ஒரு நான்காம் உறுப்பு இருக்கிறது. அதைக் கடையில் விற்பதில்லை. பழுதானால் மாற்றவும் முடியாது. அது நம் செவி.

விடுமுறையின் கடைசி நாள் பேரன் ஒரு வேடிக்கை செய்தான். ஹெட்போனில் ஒரே சுருதியை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போனான். “கேட்கிறதா, தாத்தா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். 8,000 அதிர்வெண்ணில் மங்கலாகக் கேட்டது. 11,000-க்கு மேல் எனக்கு நிசப்தம். அவனோ அதற்கு மேலும் நெடுந்தூரம் கேட்டுக்கொண்டிருந்தான். மனிதச் செவி 20 முதல் 20,000 அதிர்வெண் வரை கேட்கவல்லது என்று நான் வகுப்புதோறும் சொல்லிக்கொடுத்தவன். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிவிடுகிறது. என்னுடைய 11,000 முதுமையின் இயற்கை. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் இருபது வயதில் ஒருவன் அந்த நிலையை அடைந்தால் அது இயற்கையன்று, கவனக்குறைவு.

ஹங்கேரி நாட்டுத் தபால் இலாகாவின் தொலைபேசிச் சோதனைச்சாலையில் 1923-இல் பணியில் சேர்ந்தவர் கியோர்க் வான் பெக்கசி. தொலைபேசியில் ஒலியின் தரத்தை ஆராயப் புகுந்த அந்தப் பொறியாளர், முடிவில் அதனைக் கேட்கும் செவியின் உள்ளமைப்பை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1961-இல் நோபல் பரிசு பெற்றார். உட்செவியில் ஏறத்தாழ 15,000 மயிர்போன்ற நுண்ணுயிரணுக்கள் ஒலியை உணர்த்துகின்றன. பேரொலியால் அவை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபலானால் 4 மணி நேரமே பாதுகாப்பு என்றும் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. மெத்தை பழுதாகிக் கீழ் ஒலி குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? குமிழைத் திருகி ஒலியைக் கூட்டுகிறோம். ஒழுகும் பானையை நிரப்ப மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதுபோல! அந்த மிகுதி முழுவதும் செவிமேல் விழுகிறது. ஆகவே மெத்தையைப் பார்த்துக்கொள்வது இசைக்கு மட்டுமன்றிச் செவிக்கும் நல்லது.

பேரன் ஊருக்குப் புறப்பட்டபோது இரவல் கேபிளைத் திருப்பிக் கொடுக்க மறக்கவேண்டாம் என்றேன். சிரித்தான். “அவனுக்கும் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் கொடுப்பேன், தாத்தா” என்றான்.

மாணவ நண்பர்களே, ஹெட்போன் வாங்குவோர் உங்களில் சிலராக இருக்கலாம். ஆனால் தீர்ப்புச் சொல்லவேண்டிய நிலை உங்கள் எல்லோருக்கும் வரும்; பொருளைப் பற்றியும் வரும், மனிதரைப் பற்றியும் வரும். அப்பொழுது முதற்பக்கத்தை ஒருமுறை மடித்துப் பாருங்கள். எனக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தவன், கோணல் கையெழுத்துக்காரனான ஓர் ஏழை மாணவன். “எது தவறு என்று மட்டும் சொல்லுங்கள்” என்று அவன் கேட்ட கேள்வி, நாற்பது ஆண்டுகள் கழித்தும் என் செவியில் ஒலிக்கிறது. அதைக் கேட்பதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.